கெண்டைக்காலில் இரத்த உறைவு: அதன் விளைவுகளும் குணமாகும் வழியும்

உழவுத் தொழிலுக்குக் காலே முதல். வரப்பின்மேல் நடப்பதும், சேற்றில் நின்று நாற்று நடுவதும், களத்தில் நெல் தூற்றுவதும் கால்களின் வலிமையாலேயே நடைபெறுகின்றன. ஆயினும் ஒருவருக்கு ஒரு கால் திடீரென்று வீங்கினால், அதனைப் பொருட்படுத்துவோர் சிலரே. "சுளுக்காக இருக்கும்", "வாயுப் பிடிப்பாக இருக்கும்" என்று கூறி எண்ணெய் தடவி உருவிவிடுவதும், ஒத்தடம் கொடுப்பதும், இரண்டு நாள் பார்ப்போம் என்று ஒத்திப்போடுவதும் நம் கிராமங்களில் வழக்கமாக உள்ளன. பெரும்பாலான வீக்கங்கள் அவ்வாறே தணிந்தும் விடுகின்றன. ஆனால் அவற்றுள் ஒரு வகை, தணியும் வரையில் காத்திருக்கத் தக்கதன்று. அது கெண்டைக்காலின் ஆழத்தில் உள்ள இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைந்துவிடுவதால் உண்டாகும் வீக்கமாகும்.

இந்நோயைப் பற்றி நாம் அறிய வேண்டுவன இரண்டு. நோய் தோன்றுவது காலில். ஆனால் அது உயிரைத் தாக்குவது மார்பில் என்பது ஒன்று. காலத்தே கண்டறிந்தால் இது மருந்துக்கு நன்கு கட்டுப்படும் நோய் என்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையே நிற்பவை, பல சமயங்களில், நோயாளி வீட்டிலேயே கழித்துவிடும் இரண்டு மூன்று நாட்களே.

காலுக்குள் இரத்தத்தின் ஓட்டம்

இதயத்திலிருந்து உறுப்புகளுக்கு இரத்தத்தைக் கொண்டு செல்லும் குழாய்களைத் தமனிகள் என்றும், உறுப்புகளிலிருந்து இதயத்திற்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்களைச் சிரைகள் என்றும் கூறுவர். ஊர்ப் பேச்சில் சிரையையும் "நரம்பு" என்றே சொல்கிறோம். தோலுக்கு அடியில் பச்சையாகத் தெரிபவை மேற்சிரைகள். தசைகளின் நடுவே கண்ணுக்குப் புலப்படாமல் செல்பவை ஆழ்சிரைகள். காலிலிருந்து திரும்பும் இரத்தத்தில் பெரும்பகுதி ஆழ்சிரைகளின் வழியாகவே மேலேறுகிறது.

பள்ளத்துக் கிணற்றிலிருந்து மேட்டு நிலத்திற்கு நீர் ஏற வேண்டுமானால் பம்பு வேண்டும். காலிலிருந்து இதயத்திற்கு இரத்தம் ஏறுவதற்குக் கெண்டைச் சதையே பம்பாக அமைந்துள்ளது. நாம் அடியெடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் அச்சதை சுருங்கிச் சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. தள்ளப்பட்ட இரத்தம் மீண்டும் கீழே இறங்காவண்ணம், கிணற்றுப் பம்பின் ஃபுட் வால்வைப் போன்று மேல்நோக்கி மட்டும் திறக்கும் சிறிய தடுக்கிதழ்கள் சிரைகளுக்குள் உள்ளன. நடை நின்றால் பம்பு நிற்கும். பம்பு நின்றால் இரத்தம் தேங்கும்.

ஜெர்மானிய மருத்துவ அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ, காலில் உறைந்த இரத்தக்கட்டி பிரிந்து நுரையீரலைச் சென்றடைகிறது என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் எடுத்துக்காட்டினார். சிரைக்குள் இரத்தம் உறைவதற்கு இன்று மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன: ஓட்டம் மந்தமாதல், குழாயின் உட்சுவர் பழுதடைதல், இரத்தமே எளிதில் உறையும் தன்மையை அடைதல். இம்மூன்றும் அவர் பெயராலேயே வழங்கி வருகின்றன.

எவரிடம் கூடுதல் கவனம் வேண்டும்?

எலும்பு முறிந்து கட்டுப் போட்டுப் படுத்திருப்பவர், இடுப்பு அல்லது முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், பக்கவாதத்தால் நடமாட்டம் இழந்தவர், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர், முன்பு ஒருமுறை இந்நோய் கண்டவர் ஆகியோரை இது எளிதில் பற்றும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின்னரும் சுமார் மூன்று மாதங்கள் வரை எச்சரிக்கை தேவை.

கர்ப்ப காலத்திலும் பிரசவத்திற்குப் பின்னரும் பெண்களின் இரத்தம் எளிதில் உறையும் தன்மையை அடைகிறது. பிரசவத்தில் இரத்தப்போக்கு மிகாமல் காப்பதற்கு இயற்கை செய்துள்ள ஏற்பாடு அது. ஆனால் அதுவே சிலருக்குத் தீங்காகவும் முடிகிறது. பிரசவித்த முதல் ஆறு வாரங்களே மிகுந்த ஆபத்துடையவை. சிசேரியன் செய்துகொண்டவர்களுக்கு ஆபத்து மேலும் கூடும். பிள்ளை பெற்றவள் படுக்கையை விட்டு எழலாகாது என்னும் பழைய வழக்கம், இவ்வகையில் தாய்க்கு நன்மை செய்வதன்று. மருத்துவர் அனுமதித்தவுடன் அவள் எழுந்து வீட்டிற்குள் நடமாடுவதே நல்லது. கருத்தடைக்காக உட்கொள்ளும் சில ஹார்மோன் மாத்திரைகளும் உறைவை ஊக்குவிப்பனவாதலால், அவற்றை மருத்துவரைக் கேட்டே உட்கொள்ளுதல் வேண்டும்.

நான்கு மணி நேரத்திற்கு மேல் காலைத் தொங்கவிட்டு அமர்ந்து செய்யும் பேருந்துப் பயணமும் உறைவுக்கு ஓரளவு இடந்தரும். மேற்கூறிய காரணங்களுள் ஒன்று உடையவர்கள், நெடுந்தூரப் பயணத்தின்போது வண்டி நிற்குமிடத்தில் இறங்கிச் சிறிது நடப்பது நலம்.

'இரத்தக்கட்டு' வேறு, இரத்த உறைவு வேறு

அடிபட்ட இடம் கன்றிப்போய் நீலம் பூத்தால் அதனை 'இரத்தக்கட்டு' என்கிறோம். அது குழாய்க்கு வெளியே கசிந்து தேங்கிய இரத்தம். நாம் இங்குக் கூறும் உறைவு குழாய்க்கு உள்ளேயே அடைப்பாக நிற்பது. பெயர் ஒத்திருப்பதால் முன்னதற்குச் செய்யும் வைத்தியத்தைப் பின்னதற்கும் செய்துவிடுகிறோம். உருவுவதும் பிசைவதும் சிரைக்குள் இருக்கும் கட்டியைப் பெயர்த்து மேலே அனுப்பிவிடக்கூடும். ஆகையால் காரணம் தெரியாத கால் வீக்கத்தை உருவலாகாது.

இந்நோயின் அறிகுறிகளாவன: ஒரு கால் மட்டும் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ வீங்குதல், கெண்டைச் சதையில் வலி, அழுத்தினால் நோவு, அவ்விடம் மற்றக் காலைவிடச் சூடாக இருத்தல், தோல் சிவந்தோ கருத்தோ தோன்றுதல். முழங்காலுக்குக் கீழே, முன்புறம் தென்படும் எலும்புப் புடைப்பிலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே இரு கால்களையும் தையல் நாடாவினால் அளந்து பார்க்கலாம். வீங்கிய கால் 3 சென்டிமீட்டருக்கு மேல் பருத்திருந்தால் ஐயம் வலுப்பெறும். அளவு குறைந்திருப்பதனால் மட்டும் நோய் இல்லை என்று முடிவு செய்தல் கூடாது. சிலருக்கு அறிகுறி ஏதுமின்றியே உறைவு இருப்பதுண்டு.

நம் மாநிலத்தில் கால் வீக்கம் என்றவுடன் யானைக்கால் நோயை நினைப்பாரும் உளர். யானைக்கால் மாதக் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் மெல்ல வளர்வது. நேற்று இல்லாத வீக்கம் இன்று வந்ததாயின் அதனை யானைக்கால் என்று கருதிக் காலங்கடத்துதல் தவறாகும். ஐயத்தைத் தீர்ப்பது டாப்ளர் ஸ்கேன் என்னும் சோதனையே. அதில் ஊசி இல்லை, வலியும் இல்லை. சிலருக்கு 'டி-டைமர்' என்னும் இரத்தப் பரிசோதனையும் செய்வர்.

உயிரைத் தாக்கும் விளைவு

கெண்டைக்காலில் மட்டும் உள்ள சிறு உறைவு பலருக்குத் தானே கரைந்துவிடுவதுண்டு. ஆனால் சிகிச்சை பெறாதவர்களுள் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கு அது முழங்காலைத் தாண்டித் தொடைச் சிரைக்குள் வளர்கிறது. அவ்வளர்ச்சி பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் நிகழ்கிறது. தொடைச் சிரைக்கு ஏறிவிட்ட உறைவே பேராபத்தை விளைவிப்பது. அதிலிருந்து ஒரு துண்டு பிரிந்தால், இரத்த ஓட்டத்தோடு சென்று, இதயத்தின் வலப்புற அறைகளைக் கடந்து, நுரையீரலின் தமனியில் அடைத்துக்கொள்கிறது. சிறு துண்டாயின் மூச்சுத் திணறலும் மார்பு வலியும் தோன்றும். பெருந்துண்டாயின் சில நிமிடங்களில் உயிர் போகும்.

திடீரென்று மூச்சு வாங்குதல், மூச்சை உள்ளிழுக்கும்போது மார்பில் குத்தும் வலி, நெஞ்சுப் படபடப்பு, இருமலில் இரத்தம், மயங்கி விழுதல் ஆகியவை இதன் அடையாளங்கள். கால் வீங்கியவரிடத்திலோ, அண்மையில் பிரசவித்தவரிடத்திலோ, கட்டுப் போட்டுப் படுத்திருந்தவரிடத்திலோ இவற்றுள் ஒன்று தோன்றினாலும் ஒரு கணமும் தாமதியாமல் 108 ஆம்புலன்ஸை அழைத்தல் வேண்டும். நோயாளியை நடத்திச் செல்லாமல், சாய்ந்து அமரவைத்து அனுப்புக. கால் வீக்கத்தைப் பற்றியும் மருத்துவரிடம் மறவாமல் கூறுக. மார்பு வலிக்கும் காலுக்கும் உள்ள தொடர்பு அவருக்கு நோயை விரைவில் காட்டிக் கொடுக்கும்.

நுரையீரல் அடைப்பிலிருந்து பிழைத்தவர்களுள் நூற்றில் இரண்டு மூன்று பேருக்குக் கட்டி முழுவதும் கரையாமல் தங்கி, நுரையீரல் குழாய்களில் அழுத்தம் மிகுந்து, நாளடைவில் இதயத்தின் வலப்புறம் தளர்கிறது. மூன்று மாதச் சிகிச்சைக்குப் பின்னரும் சிறிது நடந்தாலே மூச்சு வாங்குமாயின் மீண்டும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

காலிலேயே தங்கும் விளைவுகள்

உயிர் தப்பியவுடன் எல்லாம் முடிந்துவிட்டதென்று எண்ணலாகாது. உறைந்த இரத்தம் கரையும்போது சிரைக்குள் உள்ள தடுக்கிதழ்களைப் பழுதாக்கிவிடுவதுண்டு. ஃபுட் வால்வு பழுதான பம்பில் நீர் கீழே இறங்கிவிடுவது போன்று, இரத்தம் காலிலேயே தேங்குகிறது. மாலையில் கால் கனத்தல், வீக்கம், அரிப்பு, கணுக்காலைச் சுற்றிக் கருமை படர்தல், தோல் தடித்தல் ஆகியவை இதனால் உண்டாவன. ஆழ்சிரை உறைவு கண்டவர்களுள் நூற்றுக்கு இருபது முதல் ஐம்பது பேர் வரையில், பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள், இத்தொல்லையை ஏதேனும் ஓர் அளவில் அடைகின்றனர். உறைவு தொடை வரை ஏறியவர்களுக்கே இது மிகுதி.

சிலருக்குக் கணுக்காலின் உட்புறத்தில் ஆறாப் புண் தோன்றுகிறது. சேற்றிலும் நீரிலும் நின்று உழைப்பவர்க்கு அப்புண் எவ்வளவு பெரிய இடையூறு என்பதை விளக்க வேண்டுவதில்லை. அமரும்போது காலை உயர்த்தி வைத்தல், நாள்தோறும் நடத்தல், உடல் எடையைக் குறைத்தல், தோல் வறண்டு வெடியாமல் காத்தல், சிறு காயத்தையும் உடனே கவனித்தல் ஆகியவை நன்மை தரும். அழுத்தக் காலுறை வீக்கத்தையும் பாரத்தையும் குறைக்கும். எனினும் காலின் தமனிகளில் அடைப்பு உள்ளவர்க்கு அது தீங்கு செய்யுமாதலால், மருத்துவர் அளவு பார்த்துத் தந்ததையே அணிய வேண்டும்.

மிக அரிதாக, காலின் சிரைகள் அனைத்தும் ஒருங்கே அடைபட்டு, கால் நீலம் பாய்ந்து, பொறுக்கவியலாத வலியுடன் பெரிதும் வீங்கும். அது காலையே இழக்கச் செய்யக்கூடிய நிலை. உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.

கால்நடைகளிடமிருந்து கிடைத்த மருந்து

இந்நோய்க்குரிய மருந்துகளுள் ஒன்றின் வரலாறு கால்நடை வளர்ப்போர் அறிந்து மகிழத்தக்கது. 1920-களில் கனடாவிலும் வட அமெரிக்காவின் சமவெளிகளிலும் மாடுகள் இரத்தம் நில்லாமல் ஒழுகி இறந்தன. பூஞ்சணம் பிடித்த 'ஸ்வீட் குளோவர்' என்னும் தீவனப் பயிரின் உலர்தழையைத் தின்றதே காரணம் என்று கால்நடை மருத்துவர்கள் கண்டனர். 1933-ஆம் ஆண்டில் விஸ்கான்சின் மாநிலத்து விவசாயி ஒருவர், இறந்த கிடேரியையும், உறையாத இரத்தம் நிரம்பிய பால் கேனையும், கெட்டுப்போன தழையையும் ஏற்றிக்கொண்டு, கடும் பனியில் மாடிசன் நகரத்துப் பல்கலைக்கழகத்திற்கு வந்து சேர்ந்தார். அங்குக் கார்ல் பால் லிங்க் என்னும் வேதியியலாரும் அவருடைய உதவியாளர்களும் பல ஆண்டுகள் உழைத்து, இரத்தத்தை உறையவிடாமல் தடுக்கும் பொருளை அத்தழையிலிருந்து பிரித்தெடுத்தனர். அதன் வழியில் உருவான வார்ஃபரின், 1948-இல் எலிகளைக் கொல்லும் மருந்தாகவும், 1954 முதல் மனிதருக்குரிய மருந்தாகவும் வழக்கிற்கு வந்தது.

ஹெப்பாரின் என்னும் ஊசி மருந்து அதற்கு முன்னரே, 1916-இல், அமெரிக்காவில் கண்டறியப்பட்டிருந்தது. இத்தகைய மருந்துகள் உயிர் காப்பன என்பதை ஐயமற மெய்ப்பித்தது, 1960-இல் இங்கிலாந்து மருத்துவர்களான பாரிட், ஜோர்டான் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு. நுரையீரல் அடைப்புக் கண்டவர்களுள் மருந்து பெறாத 19 பேரில் 5 பேர் மீண்டும் ஏற்பட்ட அடைப்பினால் இறந்தனர்; மருந்து பெற்ற 16 பேரில் ஒருவரும் அடைப்பினால் இறக்கவில்லை.

சிகிச்சையும் கட்டுப்பாடும்

"இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை" என்று மக்கள் கூறும் இம்மருந்துகள் உண்மையில் இரத்தத்தை நீர்க்கச் செய்வதில்லை. புதிய உறைவு ஏற்படாமலும், இருக்கும் கட்டி வளராமலும் தடுக்கின்றன. கட்டியைச் சிறிது சிறிதாகக் கரைப்பது நம் உடலே. அதற்கு அவகாசம் வேண்டும். ஆகவே வலி தணிந்துவிட்டது என்று பத்தாம் நாளில் மாத்திரையை நிறுத்துவது பெருந்தவறு. குறைந்தது மூன்று மாதங்கள் உட்கொள்ளுதல் பொது விதி. கெண்டைக்காலில் மட்டும் சிறு உறைவு உள்ள சிலருக்கு மருத்துவர் மருந்தின்றியே, ஒரு வாரத்திலும் இரண்டாம் வாரத்திலும் மறுபடியும் ஸ்கேன் செய்யச் சொல்வதுண்டு. அந்நாட்களில் அறுவடையே நடந்தாலும் தவறாமல் செல்ல வேண்டும். தவறவிட்டால், வளரும் உறைவைக் கண்டறியும் வாய்ப்பும் தவறிவிடும்.

வார்ஃபரின் உட்கொள்பவர்கள் 'ஐ.என்.ஆர்.' என்னும் இரத்தப் பரிசோதனையைக் குறித்த காலங்களில் செய்துகொள்ள வேண்டும். அதன் அளவு பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் இடையே இருத்தல் நலம். முருங்கை, அகத்தி போன்ற கீரைகளில் உள்ள கே வைட்டமின் இம்மருந்துக்கு எதிராக வேலை செய்வது. அதற்காகக் கீரையை விலக்க வேண்டுவதில்லை. ஒரு வாரம் மிகுதியாகவும் மறு வாரம் இல்லாமலும் உண்ணாமல், அளவு மாறாது உண்டால் போதும். ரிவராக்சபான், அபிக்சபான் போன்ற புதிய மாத்திரைகளுக்கு இப்பரிசோதனை தேவையில்லை. ஆயினும் ஒரு வேளையும் தவறலாகாது. கருவுற்ற பெண்களுக்கு இம்மாத்திரைகள் ஏற்றவையல்ல. கருவைச் சென்றடையாத ஹெப்பாரின் வகை ஊசியே தரப்படும்.

மருந்தினால் வரும் தீங்கு இரத்தப்போக்காகும். மலம் தார்போலக் கருத்துப் போதல், சிறுநீரில் இரத்தம், நில்லாத மூக்கு இரத்தம், தலையில் அடிபடுதல் ஆகியவை நேர்ந்தால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வலிக்கென்று கடையில் வாங்கும் மாத்திரைகளையும், நாட்டு மருந்துகளையும் மருத்துவரைக் கேளாமல் சேர்த்து உட்கொள்ளுதல் கூடாது. மருந்து தொடங்கிய பின் படுத்தே கிடக்கத் தேவையில்லை. வலி பொறுக்கும் அளவு நடப்பது நன்மையே தரும்.

நோயின் போக்கு

முறையாக மருந்து உட்கொள்ளும் கால்சிரை உறைவு நோயாளிகளுள், சிகிச்சைக் காலத்தில் நுரையீரல் அடைப்பினால் இறப்பவர் நூற்றில் ஒருவருக்கும் குறைவே. தொடைச் சிரையில் உறைவுடைய ஒருவர் மருந்தின்றி இருந்தாலோ, மூன்று மாதங்களுக்குள் மீண்டும் உறைவோ அடைப்போ ஏற்படுவது ஏறத்தாழப் பாதிப் பேருக்கு. இவ்விரு கணக்குகளையும் ஒப்பிட்டால் சிகிச்சையின் அருமை விளங்கும்.

மருந்தை நிறுத்திய பின் நோய் திரும்புமா என்பது, அது வந்த காரணத்தைப் பொறுத்தது. அறுவை சிகிச்சையை ஒட்டி வந்ததாயின் முதலாண்டில் திரும்புவது நூற்றில் ஒருவர் அளவிற்கே. காரணம் ஏதுமின்றி வந்ததாயின் முதலாண்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும், ஐந்தாண்டுகளில் நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்கும் திரும்புகிறது. அத்தகையோருக்கு நீண்ட காலம் மருந்து தேவைப்படலாம். காரணமின்றி வந்த உறைவு சிலருக்கு உள்ளே மறைந்துள்ள புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் இருப்பதுண்டு. ஆதலால் மருத்துவர் கேட்கும் மற்றப் பரிசோதனைகளையும் மறுக்காமல் செய்துகொள்க.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. அண்மையில் பிரசவித்த தாய்மார்கள், எலும்பு முறிந்து படுத்திருப்போர், அறுவை சிகிச்சை முடிந்து திரும்பியோர், பக்கவாதம் கண்டோர் ஆகியவர்கள் எந்தெந்த வீட்டில் உள்ளனர் என்பதை ஒவ்வொரு வார்டு உறுப்பினரும் அறிந்து, கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தெரிவிக்கலாம். டாப்ளர் ஸ்கேன் வசதியுள்ள அருகிலுள்ள அரசு மருத்துவமனை எது என்பதை முன்கூட்டியே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறிந்து, பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் எழுதி வைக்கலாம். 'ஒரு கால் திடீரென வீங்கினால் உருவாதீர். அன்றே மருத்துவரிடம் காட்டுக' என்னும் ஒரு வரியைக் கிராம சபையில் படித்துக் காட்டலாம். ஊரில் சுளுக்கு எடுப்பவரையும், பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் மூதாட்டியையும் அழைத்து அன்போடு எடுத்துரைப்பது இவை யாவற்றினும் பயனுள்ளது. கால் வீங்கியவர் முதலில் நாடுவது அவர்களையே. "இதை நான் தொடமாட்டேன், டாக்டரிடம் போ" என்று அவர்கள் கூறும் ஒரு சொல், ஒரு குடும்பத்தின் தாயையோ உழைப்பாளியையோ காத்துத் தரும்.